மூச்சை அளந்த டாக்டர்

ஃப்ரீமன் ஓர் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். உயரம் ஏறக்குறைய 7 அடி. ராட்சதன் என்றே அவருக்குப் பெயர். 1842-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கருவியின் குழாயில் வாய் வைத்து அவர் ஊதினார். அவர் விட்ட மூச்சு 434 கன அங்குலம். அதாவது 7 லிட்டருக்கும் மேல்!

இரண்டு ஆண்டுகள் சென்றன. உடல் நலிந்திருந்த ஃப்ரீமன் மறுபடியும் ஊதினார். அளவு சுமார் 340 கன அங்குலமாக இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு அதுவே ஏராளம். அவருக்கோ அது பெரிய சரிவு. மார்பின் ஓசையைக் கேட்டு நோய் அறிவதில் தேர்ந்த இரு டாக்டர்கள் அவரைச் சோதித்தனர். நோய் எதுவும் தென்படவில்லை. ஆனால் 1845-ல் ஃப்ரீமன் க்ஷயரோகத்தால் மாண்டார். காதுக்குக் கேட்காததைக் கருவி முன்கூட்டியே காட்டிவிட்டது!

அந்தக் கருவிதான் ஸ்பைரோமீட்டர். அதை அமைத்தவர் டாக்டர் ஜான் ஹட்சின்சன்.

2,000 பேரின் மூச்சு

நிலக்கரிக்குப் பேர்போன நியூகாசில் நகருக்கு அருகே 1811-ல் பிறந்தவர் ஹட்சின்சன். லண்டன் யூனிவர்சிடி காலேஜில் மருத்துவம் பயின்றார். க்ஷயரோகம் ஏழை, பணக்காரர் என்று பாராமல் உயிர்களைக் கொள்ளை கொண்ட காலம் அது. எக்ஸ்ரே கிடையாது. நோய்க்கிருமி இன்னதென்றும் எவருக்கும் தெரியாது.

மூச்சை அளக்க அவருக்கு முன்பே சிலர் முயன்றதுண்டு. விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி தம் மூச்சையே அளந்து 1800-ல் வெளியிட்டார். ஆனால் ஒருவருடைய அளவை மட்டும் கொண்டு எது நிறைவு, எது குறைவு என்று எப்படிச் சொல்வது?

ஹட்சின்சனின் கருவி எளிமையானது. தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த ஒரு பாத்திரம். அதைச் சமன் செய்யக் கப்பியில் தொங்கும் எடை. ஊதிய காற்று உள்ளே புக, பாத்திரம் மேலே எழும். எவ்வளவு எழுந்தது என்பதை அளவுகோல் காட்டும்.

மாலுமிகள், போலீஸார், தீயணைப்போர், படைவீரர், ஏழைகள், கனவான்கள் என 2,000 பேருக்கு மேல் ஊதச் செய்தார். 1846-ல் முடிவை வெளியிட்டார். 5 அடி உயரமுள்ள ஆரோக்கியமான ஆணுக்கு 174 கன அங்குலம். அதற்கு மேல் ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் 8 கன அங்குலம் கூடுதல். முழு மூச்சு இழுத்து, முடிந்த மட்டும் வெளிவிடும் இந்த அளவுக்கு, 'உயிர்க் கொள்ளளவு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

தங்க வயலில்

ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு இந்தச் சோதனை எவ்வளவு உதவும் என்று 1852-ல் நூலும் எழுதினார். அதே ஆண்டில் ஏனோ எல்லாவற்றையும் விட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாக மக்கள் குவிந்த விக்டோரியா மாகாணத்தில் சில ஆண்டுகள் கழித்தார். 1861-ல் பிஜித் தீவுக்குப் போனவர், அதே ஆண்டு அங்கே காலமானார்.

அவர் கருவி மறையவில்லை. 1947-ல் டிஃபினோ, பினெல்லி என்ற பிரெஞ்சுக்காரர்கள், எவ்வளவு காற்று என்பதோடு எவ்வளவு வேகம் என்றும் பார்த்தார்கள். ஆஸ்துமாவில் மூச்சுக் குழாய்கள் சுருங்குவதால் காற்று மெதுவாகவே வெளிவரும். முதல் ஒரு வினாடியில் வரும் அளவே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்காம் நகர மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியில் இன்னோர் உண்மை வெளிவந்தது. உயிர்க் கொள்ளளவு குறைந்தவர்களிடையே மரணமும் அதிகம்! ஹட்சின்சன் சூட்டிய பெயர் பொருத்தமானதே என்பது, அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு உறுதியாயிற்று.