மெழுகுவர்த்தி ஒளியில் கற்ற மங்கை

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைச் சாலைகளில், இரவு ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்துகளில் அமர்ந்தபடியே உறங்கிச் செல்லும் இளம்பெண்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களுள் ஒருவராகவே நீங்கள் இருக்கவும் கூடும். வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென ஒரு விடுதி 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எத்தனை இல்லங்களின் செல்வங்கள் இங்கு வந்து உழைக்கின்றன என்பதற்கு இந்த ஓர் எண்ணிக்கையே போதும். இவர்களுள் பள்ளியோடு ஏட்டை மூடிவிட்டு வந்தோர் உண்டு. ஊரின் பெயர்ப் பலகையைக் கூடப் படிக்க இயலாத வடபுலத்துச் சகோதரியரும் உண்டு. வேலைக்கு வந்தாயிற்று, இனிப் படிப்பு எதற்கு என்று எண்ணிவிடுவது எளிது. ஆனால் சம்பளச் சீட்டிலும் ஒப்பந்தத் தாளிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிறர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு கையொப்பமிடுபவரின் நிலை எத்தகையது என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்காமல் மூன்று மொழிகளில் தேர்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன். அவர்தாம் ருகையா சகாவத் ஹுசைன் அம்மையார். வங்காளியர் நாவில் ருகையா என்பது ரொக்கேயா ஆகிவிடும். ஆகவே பேகம் ரொக்கேயா என்றால்தான் அங்கே குழந்தைகளுக்கும் விளங்கும். ஒரகடத்தில் உங்களோடு பணிபுரியும் வங்கச் சகோதரி எவரேனும் இருப்பின் கேட்டுப் பாருங்கள்.

அம்மையார் 1880ஆம் ஆண்டு, இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூர் மாவட்டத்தின் பைராபந்து என்னும் கிராமத்தில், ஜமீன்தார் குடும்பமொன்றில் பிறந்தார். செல்வத்திற்குக் குறைவில்லை. ஆண் மக்கள் கல்கத்தாவிற்குச் சென்று ஆங்கிலக் கல்வி பயின்றனர். பெண் மக்களுக்கோ திருமறையைப் பொருளறியாது ஓதுவதும், சிறிது உருதுவுமே போதுமெனக் கருதப்பட்டது. வங்காளம் படிப்பது குலப் பெருமைக்கு இழுக்கு. ஆங்கிலம் படிப்பது மார்க்கத்திற்கே ஆபத்து! இப்படியொரு விதியை மார்க்கத்தின் எந்தப் பக்கத்திலிருந்து கண்டெடுத்தார்களோ, மதரஸாவில் ஓதிய எனக்கு விளங்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் இறைச்செய்தியே ஓதும்படி ஏவுவதாக அமைந்திருக்க, அச்செய்தியை நம்பியவர்களின் வீட்டிலேயே பெண்ணின் கையிலிருந்து ஏடு பறிக்கப்பட்டது.

அவ்வீட்டில் முதலில் துணிந்தவர் மூத்த சகோதரி கரீமுன்னிஸா. சகோதரர்கள் பாடம் ஓதுவதைக் காதால் கேட்டு, உள்முற்றத்து மண்ணில் குச்சியால் எழுத்துகளைக் கீறிக் கீறியே அவர் எழுதக் கற்றுக் கொண்டார். வங்காள நூலும் கையுமாக ஒருநாள் அகப்பட்டபோது உறவினர் கூக்குரலிட்டனர். படிப்பு நிறுத்தப்பட்டது, வேற்றூருக்கு அனுப்பப்பட்டார், விரைவில் மணமும் முடிந்தது. ஆயினும் தாம் கற்றதை அவர் விட்டுவிடவில்லை. தங்கை ருகையாவுக்கு வங்காள நெடுங்கணக்கை அறிமுகம் செய்தவர் அவரே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த அம்மையார் அறுபது வயதைக் கடந்த பின்னர், திருமறையின் பொருளை உணர வேண்டுமென்று அரபு மொழியை முறையாகப் பயிலத் தொடங்கினார். இருபத்தைந்து வயதிலேயே நமக்கு வயதாகிவிட்டது என்று சலித்துக் கொள்வோர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஆங்கிலம் வந்த வழி வேறு. அண்ணன் இப்ராஹீம் ஸாபிர், வீட்டிலுள்ளோர் அனைவரும் உறங்கிய பின் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துத் தங்கைக்கு ஆங்கில எழுத்துகளைக் காட்டிக் கொடுத்தார். பகலில் அவ்வேட்டைக் கையில் தொடவும் வழியில்லை. இரவில் கண்ட சொற்களைப் பகல் முழுவதும் மனத்திலேயே சுமந்து திரிந்து, மறுநாள் இரவு மீண்டும் சரிபார்க்க வேண்டியதுதான். பிற்காலத்தில் தாம் எழுதிய 'பத்மராக்' என்னும் புதினத்தை அந்த அண்ணனுக்கே அம்மையார் காணிக்கையாக்கினார்.

பதினெட்டு வயதளவில் பீகாரிலுள்ள பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்த சையித் சகாவத் ஹுசைன் அவர்களுக்கு மணமுடிக்கப்பட்டார். கணவர் வயதில் மிக மூத்தவர், மனைவியை இழந்தவர், சீமையில் கற்றவர். பெண் கல்வியில் உறுதியான பற்றுடையவர். மனைவியைப் படிக்கவும் எழுதவும் தூண்டினார். ஆனால் இல்லத்திலும் ஊரிலும் உருதுவே பேச்சு மொழி. ஏறத்தாழ 14 ஆண்டுகள் வங்காளத்தில் ஒரு வார்த்தை பேசவும் அங்கே ஆளில்லை. வாசகரே, இதனை நான் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோக விரும்பவில்லை. பேசப்படாத மொழி மனிதரை விட்டு அகன்றுவிடும். சொற்கள் ஒவ்வொன்றாக மறந்துபோகும். ஊரைப் பிரிந்து வேற்று மொழியாரிடையே வாழ்வோர் இதை நன்கறிவர். அம்மையார் செய்தது இதுதான்: பேச ஆளில்லாத மொழியில் படித்தார், எழுதினார். படித்த சொல்லைத் தம் எழுத்தில் புழங்கவிட்டார். கட்டுரைகளை ஏடுகளுக்கு அனுப்பினார். இவ்வாறு 'மோதிசூர்' என்னும் கட்டுரைத் தொகுப்பின் முதற்பாகம் உருவாயிற்று. அதன் இரண்டாம் பாகம் அக்காள் கரீமுன்னிஸாவுக்குக் காணிக்கையானது. பல்லாண்டுகள் உருது பேசுவோரிடையே வாழ்ந்தும் வங்காளத்தை மறவாதிருந்ததற்கு அக்காளின் அன்பே காரணம் என்று அதில் நன்றி கூறியுள்ளார்.

ஆங்கிலத்தில் அவர் அடைந்த தேர்ச்சிக்குச் சான்று வேண்டுவோர் நமது சென்னையையே பார்க்கலாம். கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த வேளையில், பொழுதைப் போக்குவதற்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். ஆடவர் வீட்டுக்குள் அடைந்து கிடக்க, பெண்கள் கல்வியாலும் அறிவியலாலும் ஆட்சி புரியும் ஒரு நாட்டைப் பற்றிய கற்பனை அது. திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்து வியந்தார். பிழை திருத்துவதற்காக ஓர் ஆங்கில அதிகாரியிடம் அனுப்பினார். திருத்த வேண்டியது ஒன்றுமின்றி அது திரும்பி வந்தது. 'சுல்தானாவின் கனவு' என்னும் அக்கதை 1905ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்னும் ஏட்டில் அச்சேறியது.

துன்பங்களும் வந்தன. பிறந்த இரு பெண் மகவுகளும் சில மாதங்களிலேயே இறந்தன. நீரிழிவால் கணவர் பார்வையை இழந்து, 1909இல் இறையடி சேர்ந்தார். பெண்கள் பள்ளிக்கென அவர் ஒதுக்கி வைத்த 10,000 ரூபாயைக் கொண்டு அவ்வாண்டே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி தொடங்கினார். சொத்துத் தகராறினால் அவ்வூரை விட்டே வெளியேற நேர்ந்தது. 1911 மார்ச் 16ஆம் நாள் கல்கத்தாவின் வலியுல்லாஹ் சந்தில் எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்கினார். வகுப்பு எவ்வாறு நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டறியாதவர் தலைமை ஆசிரியை ஆனார்! அதனால் வெட்கப்பட்டாரில்லை. நகரின் பிற சமயத்தார் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று அமர்ந்து, பாடம் நடத்தும் முறையைக் கற்றுவந்தார். திருமறையைக் கிளிப்பிள்ளை போல் ஒப்புவிப்பதோடு நில்லாது பொருளுணர்ந்து ஓத வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அப்பள்ளியின் பேருந்துக் கதை சுவையானது. திரையொழுக்கம் காக்க வேண்டுமென்று வண்டியை இருட்டறை போல் அடைத்துவிட்டார்கள். காற்றின்றிச் சிறுமியர் மயங்கி விழுந்தனர், வாந்தி எடுத்தனர். அடைப்பை நீக்கித் திரைச்சீலை தொங்கவிட்டதும், காற்றில் சீலை விலகுகிறது, இது மார்க்கத்திற்கு அடுக்குமா என்று கடிதங்கள் வந்து குவிந்தன. அம்மையார் இரண்டையும் பொறுத்தார். பின்னர் இதனையும் இதுபோன்ற பல நிகழ்ச்சிகளையும் 'அவரோத்பாசினி' என்னும் நூலில் எழுதி வைத்தார். தாம் மட்டும் முக்காட்டைக் கைவிடவில்லை. அறியாமைக்குத் திரையிடுவதையே எதிர்த்தார். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி இன்றும் கொல்கத்தாவில் அரசுப் பள்ளியாக நடைபெற்று வருகிறது. பகலெல்லாம் பள்ளிப் பணி. எழுத்துக்கு எஞ்சியது இரவுதான். மெழுகுவர்த்தி ஒளியில் பழகிய அவ்வழக்கம் இறுதிவரை நீங்கவில்லை. 1932 டிசம்பர் 8ஆம் நாள் இரவும் வெகுநேரம் எழுதிக் கொண்டிருந்தார். 9ஆம் நாள் அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. அவர் மேசைமீது, பெண்ணின் உரிமை குறித்து எழுதத் தொடங்கிய கட்டுரை முற்றுப்பெறாமல் கிடந்தது.