புறாவிடம் பாடம் கேட்ட பேராசிரியர்

ஒரு பெட்டி. அதற்குள் பசித்த எலி ஒன்று. சுவரில் ஒரு சிறு கம்பி நீட்டிக் கொண்டிருக்கிறது. எலி அங்கும் இங்கும் முகர்ந்து திரிகிறது. தற்செயலாக அதன் முன்னங்கால் கம்பியில் படுகிறது. உடனே ஓர் உணவு உருண்டை தட்டில் வந்து விழுகிறது. எலி தின்கிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் கம்பியை அழுத்துகிறது. மீண்டும் உணவு! அதன் பிறகு அந்த எலிக்குக் கம்பியே கதி.

இந்த எளிய பெட்டியை வைத்துக் கொண்டு, உயிர்கள் ஏன் இப்படி இப்படி நடந்து கொள்கின்றன என்ற பெரிய கேள்விக்கு விடை தேடியவர் அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் பி. எப். ஸ்கின்னர். அவரைப் போற்றியவர்களும் உண்டு, தூற்றியவர்களும் உண்டு. ஆனால் அவரைப் படிக்காமல் ஒதுக்க யாராலும் முடியவில்லை.

ரெயில்வே ஊரில் பிறந்தவர்

பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவெஹன்னா என்ற சிறிய ரெயில்வே ஊரில், 1904-ம் ஆண்டு மார்ச் 20-ந்தேதி ஸ்கின்னர் பிறந்தார். தந்தை வக்கீல். அவர் மகனை ஒரு நாளும் அடித்ததில்லை. தாயார் ஒரே ஒரு முறை தண்டித்தார். கெட்ட வார்த்தை பேசியதற்காக, சோப்புப் போட்டு வாயைக் கழுவி விட்டார். தண்டனையைப் பற்றிப் பிற்காலத்தில் அவ்வளவு ஆராய்ந்தவரின் வீட்டு அனுபவம் இவ்வளவுதான்.

சிறுவன் ஸ்கின்னருக்கு எதையாவது செய்து கொண்டே இருக்க வேண்டும். வண்டி செய்வான், பட்டம் செய்வான். காலையில் இரவு உடையைக் கழற்றி மாட்டாமல் சாப்பிட வந்து விடுவான். தாயார் திருப்பி அனுப்புவார். இந்தத் தொல்லை தீர அவன் ஒரு வழி கண்டான். உடை மாட்டும் கொக்கியில் நூலைக் கட்டி, அதன் மறுமுனையில் ஓர் அறிவிப்பு அட்டையைத் தொங்க விட்டான். உடை கொக்கியில் இருந்தால் அட்டை மேலே போய் விடும். இல்லாவிட்டால் அட்டை வாசலுக்கு நேரே தொங்கி, உடையை மாட்டச் சொல்லும்! புத்திமதியால் நடக்காததைச் சுற்றுப்புறத்தை மாற்றி நடத்தலாம் என்ற அவருடைய கொள்கைக்கு அந்த அட்டையே முதல் சாட்சி.

எழுத்தாளர் ஆக நினைத்தார்

ஹாமில்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து 1926-ல் பட்டம் பெற்றார். கதை எழுதிப் பிழைக்க வேண்டும் என்பது ஆசை. கவிஞர் ராபர்ட் பிராஸ்ட் அவருடைய சிறுகதைகளைப் பார்த்து ஊக்கப்படுத்திக் கடிதம் எழுதினார். பெற்றோர் வீட்டில் தங்கி எழுத உட்கார்ந்தார். ஓராண்டு போயிற்று. கதை வரவில்லை. சொல்வதற்குத் தம்மிடம் ஒன்றும் இல்லை என்று அவரே முடிவு கட்டி விட்டார்.

அந்தச் சோர்வான நாட்களில் ரஷிய விஞ்ஞானி பாவ்லோவின் நூலும், அமெரிக்கர் வாட்சனின் நூலும் கைக்குக் கிடைத்தன. மனிதர்களைப் பற்றிக் கதை எழுதுவதை விட, அவர்கள் நடத்தையை அளந்து பார்க்கலாமே என்று தோன்றியது. 1928-ல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் மனோதத்துவ மாணவராகச் சேர்ந்தார். 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கோளாறு செய்த உதவி

தம் பெட்டிகளை ஸ்கின்னர் தம் கையாலேயே செய்தார். எலி கம்பியை அழுத்தும் போதெல்லாம் ஓடும் காகிதத்தில் பேனா ஒரு படி மேலேறும். வேகமாக அழுத்தினால் கோடு செங்குத்தாக ஏறும். நிறுத்தினால் படுத்து விடும். எலியின் நடத்தை கண் முன்னே படமாக வந்தது.

ஒரு நாள் உணவு போடும் கருவி சிக்கிக் கொண்டது. எலி அழுத்தியது, உணவு வரவில்லை. முதலில் வேகமாக அழுத்தி, பிறகு சிறுகச் சிறுக ஓய்ந்தது. பலன் நின்றால் பழக்கம் எப்படி மறைகிறது என்பதை அந்தக் கோடு காட்டி விட்டது. அன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கண்டுபிடிப்பு தம்மோடு போய்விடக் கூடாதே என்று, அந்த வார விடுமுறை முழுவதும் சாலையைக் கடக்கும் போது மிக எச்சரிக்கையாக இருந்தாராம்!

இன்னொரு சனிக்கிழமை உணவு உருண்டைகள் தீரும் நிலை. அவற்றை அவரே கையால் உருட்ட வேண்டும். சிக்கனமாக, நிமிஷத்துக்கு ஒரு முறை மட்டும் உணவு விழும்படி செய்தார். எலி சளைக்கவில்லை, தொடர்ந்து அழுத்தியது. ஒவ்வொரு தடவையும் கூலி கொடுக்க வேண்டியதில்லை என்பது தெரிந்தது.

இதைப் பின்னர் சார்லஸ் பெர்ஸ்டருடன் சேர்ந்து விரிவாக ஆராய்ந்து 1957-ல் பெரிய நூலாக வெளியிட்டார். இத்தனை தடவைக்கு ஒரு முறை உணவு என்றால் பறவை மிக வேகமாக வேலை செய்யும். பீஸ் ரேட் முறையில் கூலி வாங்கும் தொழிலாளியைப் போல. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை என்றால், முதலில் சும்மா இருந்து விட்டு, நேரம் நெருங்கும் போது பரபரக்கும். தணிக்கை அதிகாரி வரும் வாரத்தில் பைல்கள் நகரும் வேகத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எத்தனையாவது தடவை பலன் வரும் என்றே தெரியாவிட்டால்? அப்போதுதான் பறவை ஓயாமல் கொத்தும். சூதாட்டக்காரன் கைப்பணம் கரைந்த பின்னும் எழுந்திருக்காத ரகசியம் இதில் இருப்பதாக ஸ்கின்னர் கருதினார். பணத்தாசையை விட, எப்போதோ ஒரு முறை விழும் பரிசுதான் அவனைக் கட்டிப் போடுகிறது.

குண்டை ஓட்டும் புறா

1936-ல் மினசோட்டா பல்கலைக் கழகத்தில் வேலை கிடைத்தது. அதே ஆண்டு திருமணமும் நடந்தது. மனைவி பெயர் இவான். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தனர்.

உலகப் போர் வந்தது. எறிகுண்டின் முனையில் புறாவை உட்கார வைத்து, இலக்கின் உருவத்தைக் கொத்தப் பழக்கினால், குண்டு தானே வழி கண்டு போகும் என்றார் ஸ்கின்னர். மினியாபொலிஸ் நகரில் ஒரு மாவு ஆலையின் மேல் மாடியில் சோதனை நடந்தது. புறாக்கள் பிசகாமல் கொத்தின. ஆனால் நிபுணர் குழுவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. 1944-ல் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் அந்த மாடியில் காத்திருந்த நாட்களில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஒரு புறாவுக்குப் பந்து உருட்டக் கற்றுக் கொடுத்தார்கள். புறா பந்தைத் தட்டட்டும் என்று காத்திருந்தால் காலம்தான் போயிற்று. எனவே பந்தைப் பார்த்தாலே உணவு கொடுத்தார்கள். பிறகு நெருங்கினால், பிறகு அலகால் தொட்டால், பிறகு தட்டினால். சில நிமிஷங்களில் பந்து சுவரில் மோதித் திரும்பியது! கடினமான வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் பலன் கொடுத்தால் கற்பது எளிது என்று அன்று தெரிந்தது.

மகளின் வகுப்பறையில்

1948-ல் ஹார்வர்டுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1953-ல் ஒரு நாள் தம் இளைய மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். சில பிள்ளைகள் முடித்து விட்டுச் சும்மா இருந்தனர். சில பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் விழித்தனர். போட்ட கணக்கு சரியா, தப்பா என்று மறுநாள் வரை யாருக்கும் தெரியாது. எலிக்கு உடனே கிடைக்கும் பதில் குழந்தைக்குக் கிடைக்கவில்லை! சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டு, உடனுக்குடன் விடை காட்டும் கற்பிக்கும் இயந்திரத்தை அவர் அமைத்தார்.

தண்டனையைப் பற்றியும் அவர் சோதனை செய்திருந்தார். உணவு நின்று விட்ட பிறகு கம்பியை அழுத்திய எலிகளில் சிலவற்றுக்குக் காலில் அடி விழும்படி செய்தார். அவை அடங்கின. ஆனால் அடி நின்றதும் மறுபடி அழுத்தத் தொடங்கி, முடிவில் அடிபடாத எலிகள் அளவுக்கே அழுத்தித் தீர்த்தன. அடி பழக்கத்தை மாற்றவில்லை. கொஞ்சம் ஒத்திப் போட்டது, அவ்வளவுதான். அடிப்பவர் இல்லாத இடத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

பிரச்சினையைத் தீர்த்த புறா

மிருகத்துக்கு யோசனை உண்டா என்பது பழைய கேள்வி. முதல் உலகப் போர்க் காலத்தில் டெனரீப் தீவில் ஜெர்மானிய அறிஞர் கோலர், எட்டாத வாழைப்பழத்தைப் பெட்டி மேல் ஏறி எடுத்த சிம்பன்சிகளைக் கண்டார். திடீரென மனதில் வெளிச்சம் பிறக்கிறது என்று விளக்கினார். ஸ்கின்னருடன் பணியாற்றிய ராபர்ட் எப்ஸ்டீனும் தோழர்களும் 1984-ல் இதைப் புறாவிடம் செய்து காட்டினர். பெட்டியைக் குறித்த இடத்துக்குத் தள்ளுவதை ஒரு பாடமாகவும், பெட்டி மேல் ஏறிச் சிறிய பொம்மை வாழைப்பழத்தைக் கொத்துவதை வேறொரு பாடமாகவும் கற்பித்தனர். பிறகு பழத்தை எட்டாத உயரத்தில் தொங்க விட்டு, பெட்டியைத் தள்ளி வைத்தனர். புறா பழத்தைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது, தடுமாறியது. பிறகு பெட்டியைப் பழத்தின் கீழே தள்ளிக் கொண்டு போய், ஏறிக் கொத்தியது! குறித்த இடத்துக்குத் தள்ளப் பழகாத புறாக்களால் இது முடியவில்லை. திடீர் யோசனை என்பதற்குப் பின்னே பழைய பாடங்கள் இருக்கின்றன என்று இது காட்டியது.

எதிர்ப்பும் வந்தது

குழந்தைகள் பேசக் கற்பதை வெகுமதியால் மட்டும் விளக்க முடியாது என்று 1959-ல் நோம் சாம்ஸ்கி கடுமையாகத் தாக்கினார். மிருகங்களைப் பழக்கும் தொழில் நடத்திய பிரீலண்ட் தம்பதிகள் ஸ்கின்னரின் மாணவர்களே. ஒவ்வொரு பிராணிக்கும் பிறவிக் குணம் குறுக்கே வருகிறது என்று அவர்களே 1961-ல் எழுதினர். நாணயத்தை உண்டியலில் போடப் பழக்கிய பன்றி, போடாமல் மூக்கால் மண்ணில் புரட்டிக் கொண்டிருந்ததாம்! இவை தள்ளத் தக்க குறைகள் அல்ல. மனிதனின் சுதந்திரத்தைக் கேள்வி கேட்டு 1971-ல் ஸ்கின்னர் எழுதிய நூலும் பெரும் புயலைக் கிளப்பியது. இளைய மகளைச் சோதனைப் பெட்டியில் வளர்த்தார், அவள் மனம் கெட்டு மாண்டாள் என்றெல்லாம் வதந்தி பரவியது. அத்தனையும் பொய். அது வெப்பம் சீராக இருக்கும்படி அமைத்த கண்ணாடித் தொட்டில். மகள் நல்லபடியாக வளர்ந்து ஓவியக் கலைஞர் ஆனார்.

1989-ல் ஸ்கின்னருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது. 1990-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந்தேதி பாஸ்டன் நகரில் மனோதத்துவ நிபுணர்கள் கூடி அவருக்கு விருது அளித்தனர். கையில் குறிப்பு ஏதும் இல்லாமல் பேசினார். எட்டு நாள் கழித்து, 18-ந்தேதி, 86-ம் வயதில் காலமானார்.

சர்க்கஸ் சவுக்கு இல்லாமல் டால்பின்களையும் நாய்களையும் பழக்குகிறவர்களும், பேச்சு வராத குழந்தைகளுக்குப் படிப்படியாகப் பழக்கம் கற்றுக் கொடுக்கிறவர்களும் இன்று அவர் வழியைப் பின்பற்றுகிறார்கள். பிள்ளை தப்புச் செய்த போது கை ஓங்குவது சுலபம். அது நல்லது செய்த நேரத்தைக் கவனித்துப் பாராட்டுவதுதான் கடினம். ஸ்கின்னரின் எலிகளும் புறாக்களும் சொல்லும் பாடம் அந்தக் கடினமான வேலையைத்தான் நமக்கு விதிக்கிறது.