கதை முடிந்த இடத்தில் தொடங்கியவர்

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் தேனுபுரீசுவரர் கோயில் உள்ளது. கபில முனிவர் பசுவாகப் பிறந்து அங்கு வழிபட்டு வீடுபெற்றார் என்பது அதன் தலக்கதை. பிழை, உருமாற்றம், தவம், விடுதலை ஆகிய உறுப்புகளால் அமைந்த கதைகள் நம்மிடையே பல. விடுதலை வந்ததும் கதை முடிந்துவிடும். அவ்வாறு முடிந்த ஒரு கதையின் மறுநாளை எழுதத் துணிந்தவர் புதுமைப்பித்தன்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தாராகப் பணியாற்றியவர். இளமையிலேயே தாயை இழந்த புதுமைப்பித்தன், திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். எழுத்தை நம்பிச் சென்னைக்கு வந்தார். 1934 முதல் மணிக்கொடியில் கதைகள் எழுதினார். தினமணியிலும் பின்னர் தினசரியிலும் பணிபுரிந்தார். வறுமை மட்டும் விலகவில்லை.

அகலிகை கதையை அவர் இருமுறை எழுதினார். இரண்டாவதான ‘சாப விமோசனம்’ 1943-இல் கலைமகளில் வெளிவந்தது. கல் பெண்ணாகிறது, கௌதமரும் அவளை மனமார ஏற்கிறார். இதற்குமேல் என்ன குறை என்று கேட்கத் தோன்றும். எனினும் அகலிகையின் அச்சம் தீர்வதில்லை. சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுங்குகிறாள். தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்பதைச் சீதையின் வாயிலாகவே அறிகிறாள். பின்னர் அன்போடு நெருங்கும் கணவரும் இந்திரனாகவே அவள் கண்ணுக்குத் தெரிய, மீண்டும் கல்லாகிறாள். கௌதமர் துறவியாகி வெளியேறுகிறார்.

இதனைப் புராணத்தை இழிவுசெய்த கதை என்பார் உளர். அக்கூற்று பொருந்தாது. கௌதமரைக் கொடியவராக்கியிருந்தால் கதை எளிதாகியிருக்கும். ஆசிரியரோ அவரை நல்லவராகவே படைத்துள்ளார். பழைய உறுப்புகள் ஒன்றையும் அவர் நீக்கவில்லை. சாபம் உண்டு, விமோசனமும் உண்டு. மன்னிக்கப்பட்டவளின் மனம் ஒன்றே புதிதாகச் சேர்ந்தது. அது சேர்ந்ததும் பழைய முடிவு நிற்க இயலாமற் போயிற்று. பழங்கதையை மாற்றி எழுத முற்படும் மாணவர், பாத்திரங்களுக்குச் சட்டையும் கால்சட்டையும் அணிவித்தால் போதுமென எண்ணுவதுண்டு. அவர்கள் இக்கதையை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

அதே ஆண்டில் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் வரமளிக்கும் கடவுள் சென்னைத் தெருவுக்கே வருகிறார். பக்தரோ அவரைத் தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராக்கிவிடுகிறார்! இங்கே நகைப்பு, அங்கே துயரம்.

இறுதிக் காலத்தில் திரைப்படத் துறையை நாடிய புதுமைப்பித்தன், ‘ராஜமுக்தி’ படத்திற்காகப் புனே சென்றார், காசநோயுடன் திரும்பினார். துணைவியார் கமலாவின் ஊராகிய திருவனந்தபுரத்தில், 1948 ஜூன் 30 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 42.