அறிஞர் சித்தி லெப்பை

இலங்கை முஸ்லிம்களிடையே கல்வி பரவிய சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் முதலில் உச்சரிக்க வேண்டிய பெயர் முகம்மது காசிம் சித்தி லெப்பை என்பதாகும். அவர் காலஞ்சென்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. எனினும் அவர் கையிலெடுத்த பிரச்னை இன்னும் தீர்ந்தபாடில்லை. மதப்பற்றுள்ள குடும்பத்தார் தங்கள் சிறு குழந்தையை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, அங்கே அது எதைக் கற்று எதை இழந்து திரும்புமோ என்னும் கவலையே அப்பிரச்னை. இதைப் பற்றி வாதம் செய்வோர் பலர். காரியம் செய்து காட்டியோர் சிலர். அச்சிலருள் ஒருவரின் சரித்திரத்தை நமது வாசகர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சித்தி லெப்பை 1838-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கண்டி நகரிலே பிறந்தார். அவருடைய தந்தையாரும் வக்கீல் தொழில் புரிந்தவர். இளம் பருவத்திலேயே அரபு, தமிழ் இரண்டிலும் நல்ல பயிற்சி பெற்ற சித்தி லெப்பை ஆங்கிலமும் கற்று, சட்டம் பயின்று, 1860-க்குப் பிந்திய சில வருஷங்களுக்குள் வக்கீலாகப் பதிவு பெற்றார். அக்காலத்தில் அவருடைய சமூகத்தில் ஆங்கிலச் சட்டம் கற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீதிஸ்தலத்தில் பெயரும் பொருளும் தேடிக்கொண்டு, தம் மட்டில் சௌக்கியமாக வாழ்ந்து முடிவதற்கு அவருக்கு யாதொரு தடையும் இருக்கவில்லை. ஆனால் தமக்குக் கிடைத்த கல்வி தம் தெருவிலுள்ள அயலார் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்னும் கேள்வி அவரை விடவில்லை.

அன்றைய நிலையைச் சற்று விவரித்தல் அவசியம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கைச் சோனகரின் வீடுகளில், குழந்தைக்கு நாலைந்து வயதானதும் ஓதிக்கொடுக்கும் லெப்பையிடம் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே அரபு எழுத்துக்களைக் கற்று, குர்ஆனைப் பிழையின்றி ஓதப் பழகும். அதன் பொருளை அறிய மாட்டாது. ஓதி முடித்த சிறுவன் தந்தையின் கடைக்குப் போவான். சிறுமி வீட்டுக்குள் போவாள். தமிழ் எழுத்தே அறியாதவர் பலர். கணக்கு, பூகோளம், சரித்திரம் ஆகியவை அவர்கள் காதில் விழுந்ததுமில்லை.

மற்றொரு வாசலும் திறந்திருந்தது. ஆங்கிலக் கல்வி அளித்த பள்ளிகளிற் பெரும்பாலானவை பாதிரிமாருடையவை. 1869-ம் வருஷத்தில் கல்வி இலாகா ஏற்பட்டு, பள்ளிகளுக்கு நன்கொடை அளிக்கும் முறை வந்தபோது, ஏற்கனவே கட்டடமும் உபாத்தியாயர்களும் வைத்திருந்த மிஷன்களே அதனால் மிகுந்த பயன் பெற்றன. அப்பள்ளிகளில் வேதாகமப் பாடம் நாள்தோறும் நடந்தது. அங்கே மகனை அனுப்பினால் மகன் திரும்பி வருவான், அவனுடைய மார்க்கம் திரும்பி வராது என்று முஸ்லிம் தந்தை அஞ்சினான். இந்த அச்சத்தை மூடத்தனமென்று சிலர் பரிகசித்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. மதமாற்றத்தையே நோக்கமாக வெளிப்படச் சொல்லி நடத்தப்பட்ட பள்ளியைக் கண்டு ஒரு தந்தை அஞ்சியதில் குற்றம் காண்பதற்கில்லை. குற்றமெல்லாம் அந்த அச்சத்தோடு நின்றுவிட்டதிலேதான் இருந்தது.

இதே அச்சம் சைவர்களுக்கும் பௌத்தர்களுக்கும் இருந்ததுண்டு. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848-ம் வருஷத்திலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். 1880-ல் கர்னல் ஆல்காட் இலங்கை வந்த பிறகு பௌத்தர்கள் விழித்தெழுந்து பள்ளிகள் நிறுவினார்கள். பின்னர் ஆனந்தா கலாசாலை எனப் பெயர் பெற்ற பள்ளி கொழும்பில் 1886-ல் தோன்றியது. முஸ்லிம்களோ பள்ளிக்கு அனுப்பாமலிருப்பதையே பாதுகாப்பென்று எண்ணியிருந்தார்கள். அறியாமை மதத்துக்குக் காவலாகாது என்பதைச் சொல்வதற்கு அவர்களுக்குள்ளேயே ஒருவர் தேவைப்பட்டார்.

சித்தி லெப்பை முதலில் எடுத்த ஆயுதம் பத்திரிகை. 1882-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கண்டியிலிருந்து முஸ்லிம் நேசன் என்னும் தமிழ்ப் பத்திரிகையை வெளியிட்டார். வெளிநாட்டுச் செய்திகளையும் மார்க்க விஷயங்களையும் அதில் எழுதியதோடு, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதை ஓயாமல் வற்புறுத்தினார். பத்திரிகை நடத்துவதன் சிரமம் நாம் அறிந்ததே. படிக்கத் தெரியாத ஜனங்களிடையே, படிப்பின் அவசியத்தைப் பற்றிப் பத்திரிகை நடத்துவது எத்தகைய சிரமம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்பத்திரிகை பிறந்த சில வாரங்களுக்குள் இலங்கைக்கு ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தார். எகிப்து தேசத்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து, 1882-ம் வருஷம் செப்டம்பரில் டெல் எல் கெபீர் யுத்தத்தில் தோல்வியுற்ற அராபி பாஷாவை, பிரிட்டிஷார் 1883 ஜனவரியில் தம் தோழர்களுடன் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். ஒரு தேசத்தின் வீரரை அடக்குவதற்காக அனுப்பிய இடத்தில், அவர் மற்றொரு தேசத்துச் சிறுவர்களின் படிப்புக்குத் துணையானார். உலகமறிந்த முஸ்லிம் தலைவர் ஒருவரே ஆங்கிலமும் நவீன சாஸ்திரங்களும் கற்கத் தக்கவையென்று ஆதரித்தபோது, அவை மார்க்கத்துக்கு விரோதமென்று கூறிவந்தவர்களின் குரல் சற்றுத் தாழ்ந்தது. அவருடைய நட்பைச் சித்தி லெப்பை தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் தம் சமூகத்தின் காரியத்துக்கே பயன்படுத்தினார்.

1884-ம் வருஷத்தில் கொழும்பில் முஸ்லிம் சிறுவர்களுக்கென முதல் நவீனப் பள்ளிக்கூடம் அவருடைய முயற்சியால் திறக்கப்பட்டது. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் நடக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் பொருளுதவி போதவில்லை. பெற்றோரின் ஊக்கமும் நிலைக்கவில்லை. சில வருஷங்களில் அது நின்றுபோயிற்று. இங்கேதான் அவருடைய குணத்தின் பெருமை விளங்குகிறது. சமூகத்தை நொந்துகொண்டு வக்கீல் தொழிலோடு அமைந்துவிடாமல் மறுபடியும் முயன்றார். 1892-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கொழும்பு மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி, அராபி பாஷாவின் ஆதரவுடனும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காயரின் பேருழைப்புடனும் மற்றொரு பள்ளி எழுந்தது. அதுவே இன்று ஸாஹிரா கலாசாலை என வழங்குகிறது.

கட்டடத்தோடு காரியம் முடியவில்லை. கற்பிப்பதற்கு நூல் வேண்டுமே! அரபு இலக்கணத்தைத் தமிழர் எளிதில் கற்பதற்கான நூலும், பிள்ளைகளுக்கான பாட நூல்களும் அவரே எழுதினார். 1885-ல் அசன்பே சரித்திரம் என்னும் கதையை வெளியிட்டார். தமிழின் மிகப் பழைய நாவல்களுள் அது ஒன்று. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை தன் மதத்தாரின் வாழ்க்கையைத் தன் தாய்மொழியில் படித்து மகிழவேண்டும் என்னும் எண்ணம் அதில் தெரிகிறது. பெண்களுக்கெனக் கண்டியில் ஒரு பாடசாலையும் ஏற்படுத்தினார். தாய் படித்தாலன்றி மடியிலிருக்கும் குழந்தையின் முதற்பாடம் திருந்தாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே நாம் கொள்ளுகிறோம்.

1898-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், அறுபது வயது நிறைவதற்கு முன்பே அவர் காலமானார். அப்போது ஸாஹிரா மிகச் சிறிய பள்ளியாகவே இருந்தது. 1921-ல் டி.பி. ஜாயா அதன் தலைமையை ஏற்று, அடுத்த இருபத்தேழு ஆண்டுகளில் அதைப் புகழ்பெற்ற கலாசாலையாக்கினார். அவ்வளர்ச்சியைக் காணும் பாக்கியம் விதை போட்டவருக்குக் கிட்டவில்லை.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் அறியவேண்டியது யாது? மதத்தைச் சார்ந்த பள்ளிகள் ஜனங்களைப் பிரித்துவிடும் என்று தேசீயவாதிகளிற் சிலர் கூறுகிறார்கள். அதில் ஓரளவு உண்மையுண்டு. மற்ற வாசல்களையெல்லாம் அடைத்துவிட்டுத் தன் சமூகத்துக்குள்ளேயே குழந்தையைப் பூட்டி வைக்கும் பள்ளி தேசத்துக்கு நன்மை செய்யாது. ஆனால் சித்தி லெப்பை அமைத்த பள்ளி பூட்டிவைப்பதற்கு அமைந்ததன்று. பள்ளிக்கே வராதிருந்த பிள்ளையை வரவழைப்பதற்கு அவர் மார்க்கக் கல்வியை வைத்தார். வந்த பிள்ளை உலகத்தோடு சேர்ந்து வாழ்வதற்கு மற்றக் கல்விகளை வைத்தார். பெற்றோரின் நம்பிக்கையைப் பெறாத கல்வி எதுவும் வீட்டு வாசற்படியைத் தாண்டாது. நம்பிக்கையை மட்டும் போற்றி அறிவைப் புறக்கணிக்கும் கல்வியோ பிள்ளையை வாசற்படியிலேயே நிறுத்திவிடும்.

இன்று இலங்கையில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலையில் இடமுண்டு. முஸ்லிம் பாடசாலைகள் என ஒரு பிரிவும் உண்டு. ஆனால் அதற்கு முந்திய இரண்டு மூன்று வருஷங்களுக்கான பாலர் பாடசாலைகள் பெரும்பாலும் தனியார், மத ஸ்தாபனங்கள், தரும ஸ்தாபனங்கள் ஆகியோரின் பொறுப்பிலேயே இருக்கின்றன. ஆகவே லெப்பையிடமா பாதிரியாரிடமா என்று அன்றைய தந்தை தயங்கிய அதே வயதில்தான் இன்றைய தாய் தந்தையரும் தயங்குகிறார்கள். 2019-ம் வருஷம் ஈஸ்டர் தினத்தில் நடந்த கொடிய குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மதரஸா என்ற பெயரைக் கேட்டாலே சந்தேகிப்போரும் பெருகினர். சந்தேகம் ஒரு பக்கமும் அச்சம் மறுபக்கமும் வளர்ந்தால், நடுவில் நசுங்குவது குழந்தையே.

அக்குழந்தையின் பொருட்டுச் செய்யத்தக்கது தெளிவாக இருக்கிறது. ஓதலும் விளையாட்டும், தாய்மொழிக் கதையும் எண்ணும் எழுத்தும் ஒரே இடத்தில் கிடைக்கும் நல்ல பாலர் பாடசாலைகளைச் சமூகத்தின் செல்வர்கள் நிறுவட்டும். பயிற்சி பெற்ற ஆசிரியைகளை அமர்த்தட்டும். அவற்றின் கதவு அயலார் காணும்படி திறந்திருக்கட்டும். அரசாங்கமோ சந்தேகத்தோடு அல்லாமல் உதவியோடு அவற்றை அணுகட்டும். சித்தி லெப்பையின் ஞாபகத்துக்கு இதைவிடச் சிறந்த மரியாதை வேறில்லை என்பது நமது திடமான அபிப்பிராயம்.