ரயில் இன்ஜினிலிருந்து பிரதமர் இருக்கைக்கு
(ஆஸ்திரேலியப் பிரதமர் பென் சிஃப்லியின் வாழ்க்கை)

விழா மலர் என்றால் புனிதர்களின் சரித்திரமும் குருக்களின் சரித்திரமும் இடம்பெறுவது வழக்கம். ஆனால் நம் பங்கில் அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆகவே, தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, நாட்டுக்குச் சட்டம் இயற்றும் இடம்வரை சென்ற ஒருவரைப் பற்றியும் இம்மலரில் எழுத விரும்பினோம். அவர் பெயர் ஜோசப் பெனடிக்ட் சிஃப்லி. மக்கள் அவரை பென் என்றே அழைத்தார்கள். அவர் புனிதர் அல்லர், தவறுகளும் செய்தவர். ஆயினும் அவர் வாழ்க்கையில் நாம் சிந்திக்க வேண்டியவை பல உள்ளன.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாத்தர்ஸ்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1885ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை கொல்லுத் தொழில் செய்தவர். ஐந்து வயதிலேயே பாட்டனாரின் பண்ணைக்குச் சென்று வாழ வேண்டியதாயிற்று. மண்தரை வீடு, கோணிப் பையில் வைக்கோல் அடைத்த படுக்கை. 1890களில் ஆஸ்திரேலிய வங்கிகள் பல கதவடைத்தபோது பாட்டனார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் போயிற்று. அந்தக் காட்சி சிறுவனின் மனத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் வங்கிகளை எதிர்த்து அவர் நடத்திய பெரும் போருக்கு வித்து இங்கேதான் விழுந்தது எனலாம்.

பாட்டனார் 1899இல் இறந்த பின் சிறுவன் ஊர் திரும்பி, பத்திரிசியார் சபைச் சகோதரர்களின் பள்ளியில் சில காலம் படித்தான். சென்னை அடையாறில் பள்ளி நடத்தி வரும் அதே சபையினர்தாம் இவர்கள். அதற்குமேல் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. கடையிலும் தோல் பதனிடும் இடத்திலும் வேலை பார்த்துவிட்டு, 1903இல் ரயில்வே லோகோ ஷெட்டில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பின்னர் இன்ஜின் துடைத்தார். கரி அள்ளிப் போட்டார். படிப்படியாக உயர்ந்து இன்ஜின் ஓட்டுநரானார். வேலை முடிந்து கையில் ஒட்டிய கரியைக் கழுவிவிட்டு மாலை வகுப்புகளுக்குச் செல்வார். பொருளாதாரமும் வரலாறும் அவர் கற்றது இப்படித்தான். கல்லூரி வாசலை மிதிக்காத இவரே பின்னாளில் ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரித்தார்.

1914இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் எலிசபெத் மக்கென்சி, பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். திருமணமும் அந்தச் சபையின் ஆலயத்திலேயே நடந்தது. 1908இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி கத்தோலிக்கக் குருவின் முன் நடைபெறாத அத்திருமணம் செல்லாது. ஆகவே திருவருட்சாதனங்களைப் பெறும் உரிமையை அவர் இழந்தார். அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இருந்தும் அவர் மனைவியையும் விடவில்லை; தாம் பிறந்த விசுவாசத்தையும் மறுக்கவில்லை; திருச்சபையைத் தூற்றவும் இல்லை. 1970இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் கலப்புத் திருமண விதிகளைத் தளர்த்தினார். அந்தத் தளர்வு அவர் காலத்தில் வரவில்லை.

1917இல் அடுத்த சோதனை வந்தது. ஒவ்வொரு தொழிலாளியும் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வேலை செய்கிறார் என்று அட்டையில் குறிக்கும் முறையை ரயில்வே நிர்வாகம் புகுத்தியது. அதை எதிர்த்து ஆகஸ்ட் மாதம் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சிஃப்லியும் இறங்கினார். வேலைநிறுத்தம் தோற்றது. அவர் வேலை பறிபோயிற்று. மறுபடி சேர்த்துக்கொண்டபோதும், பழைய பதவியும் பணிமூப்பும் இல்லாமல் கீழ்ப்படியில் நிற்க வேண்டியதாயிற்று. தமக்குக் கீழே இருந்தவர்கள் தம்மைத் தாண்டிப் போவதைக் கண்டார். ஆனால் அவர் கசந்து ஒதுங்கவில்லை. இன்ஜின் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி எழுப்பும் பணியில் முழு மூச்சாக ஈடுபட்டார். தொழிலாளிக்கு நீதி வேண்டுமானால் சட்டம் செய்யும் இடத்துக்கே போக வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது.

1928இல் தொழிற்கட்சியின் சார்பில் மக்குவாரி தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1931இல் பாதுகாப்பு அமைச்சருமானார். ஆனால் அது உலகெங்கும் பொருளாதார மந்தம் கவ்விய காலம். அரசாங்கம் கூலியையும் ஓய்வூதியத்தையும் குறைத்தது. வேறு வழியின்றி அவரும் அதற்கு ஆதரவளித்தார். சொந்தத் தோழர்களே அவரைத் தூற்றினார்கள். அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் தோற்று ஊர் திரும்பினார். ஒன்பது ஆண்டுகள் பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்தார். அந்தக் காலத்திலும் சும்மா இருக்கவில்லை. ஊராட்சி மன்றத்தில் பணியாற்றினார். வங்கி முறையை ஆராய அரசு அமைத்த குழுவில் இடம்பெற்று, 1937இல் வங்கிகள் நாட்டுடைமையாக வேண்டும் என்று தனிக் கருத்து எழுதிக் கொடுத்தார்.

1940இல் மீண்டும் வென்றார். மறு ஆண்டு ஜான் கர்ட்டின் பிரதமரானபோது சிஃப்லி நிதியமைச்சரானார். போர்க்காலச் செலவைச் சமாளிக்க, மாநிலங்கள் தனித்தனியாக விதித்துவந்த வருமான வரியை 1942இல் நாடு முழுவதற்கும் ஒரே வரியாக்கினார். 1945 ஜூலையில் கர்ட்டின் இறந்தார். அதே மாதம் 13ஆம் நாள் முன்னாள் இன்ஜின் ஓட்டுநர் பிரதமராகப் பதவி ஏற்றார்.

வேலையற்றோருக்கும் நோயுற்றோருக்கும் உதவித்தொகை, போர்வீரர்களுக்கு மறுவாழ்வு, 1946இல் தேசியப் பல்கலைக்கழகம், 1949இல் பனிமலை ஆறுகளைத் திருப்பி நீரும் மின்சாரமும் பெறும் ஸ்நோயி திட்டம் என்று அவர் காலத்தில் தொடங்கி வளர்ந்தவை பல. இந்தியா குடியரசான பின்னும் காமன்வெல்த்தில் நீடிக்கலாம் என்று 1949 ஏப்ரலில் இலண்டனில் முடிவு செய்த மாநாட்டில் நேருவுடன் அமர்ந்தவர்களில் இவரும் ஒருவர்.

பதவி உயர்ந்தும் பழக்கம் மாறவில்லை. பிரதமருக்கென அரசு மாளிகை இருந்தும், தலைநகர் கான்பெராவில் குராஜாங் என்ற எளிய விடுதியின் அறையிலேயே தங்கினார். அங்கிருந்து பாராளுமன்றத்துக்கு நடந்தே போவார். சொந்த வீடு பாத்தர்ஸ்டில் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த ஒரு சிறு வீடுதான். எலிசபெத் அம்மையார் அங்கேயே வாழ்ந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. வெள்ளையர் அல்லாதோரைக் குடியேற விடாத கொள்கையை அவருடைய அரசும் கைவிடவில்லை. போரின்போது அடைக்கலம் புகுந்த ஆசிய மக்களைத் திருப்பி அனுப்ப 1949இல் சட்டமும் செய்தது. தொழிலாளியின் துயரை அறிந்த அரசு, நிறத்தால் வேறுபட்டவரின் துயரை அறிய மறுத்தது. இது நம்மைப் போன்றவர்களுக்கு வருத்தம் தருவதே.

அவருக்கு மிகக் கடினமான சோதனையும் அதே 1949இல்தான் வந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஜூன் மாத இறுதியில் வேலைநிறுத்தம் செய்தனர். தென்கோளத்தின் குளிர்காலம் அது. மின்சாரம் குறைந்தது, ஆலைகள் நின்றன, பிற தொழிலாளர் லட்சக்கணக்கில் வேலையிழந்தனர். நாட்டைப் பணிய வைக்கக் கம்யூனிஸ்டுகள் செய்யும் முயற்சி இது என்று அரசு கருதியது. சங்கங்களின் பணத்தைச் சட்டத்தால் முடக்கியது. தலைவர்கள் சிறை சென்றனர். ஆகஸ்டில் இராணுவ வீரர்கள் சுரங்கத்தில் இறங்கிக் கரி வெட்டினர். 1917இல் வேலைநிறுத்தம் செய்து வேலை இழந்தவரே 1949இல் வேலைநிறுத்தத்தை முறித்தார். அது சரியா தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள். நாடு முழுவதற்கும் பொறுப்பேற்றவன் தன் சொந்த வீட்டாரையும் எதிர்க்க நேரிடும் என்பதை மட்டும் நாம் இங்கே காண்கிறோம்.

வங்கிகளை நாட்டுடைமையாக்க 1947இல் அவர் கொண்டுவந்த சட்டத்தை மறு ஆண்டே உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. இலண்டனில் செய்த மேல்முறையீடும் 1949இல் தோற்றது. அந்த டிசம்பரில் தேர்தலிலும் அவர் கட்சி தோற்றது. தோல்விக்குச் சில மாதங்களுக்கு முன் கட்சி மாநாட்டில் பேசும்போது, அரசியலின் நோக்கம் யாரோ சிலருக்குப் பதவி தேடித் தருவதன்று, மக்களுக்கு நல்வாழ்வு தருவதே என்று சொல்லி, அந்த இலட்சியத்தை மலைமேல் எரியும் ஒளிக்கு ஒப்பிட்டார். நற்செய்தியின் மலைப்பொழிவைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த உவமை அந்நியமானதன்று.

இனி நாம் சொல்ல வேண்டியது ஒரு ஜூபிலி இரவைப் பற்றி. 1951ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் கூட்டரசுக்குப் பொன்விழா ஆண்டு. ஜூன் 13ஆம் நாள் இரவு பாராளுமன்றக் கட்டடத்தில் விழா விருந்தும் நடனமும் நடந்துகொண்டிருந்தன. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சிஃப்லி அதற்குப் போகாமல் தம் விடுதி அறையிலேயே இருந்தார். அங்கே அவரை மாரடைப்பு தாக்கியது. செய்தி வந்ததும், அவரைத் தேர்தலில் தோற்கடித்த பிரதமர் மென்சீஸ் துக்கம் தொண்டையை அடைக்க அதைச் சபைக்கு அறிவித்தார். இசை நின்றது, விழாவும் அத்துடன் முடிந்தது.

அவருடைய உடல் பாத்தர்ஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்குள்ள கத்தோலிக்கப் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் திருவருட்சாதனங்களுக்கு வெளியே நின்ற மகனைத் தாய்த் திருச்சபை கடைசியில் தன் பீடத்தின் முன் கிடத்தி வழியனுப்பியது.

நாமும் இன்று ஜூபிலி கொண்டாடுகிறோம். நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் ஓரமாய் உட்கார்ந்து, மற்றவர்கள் நற்கருணை வாங்க எழும்போது எழாமல் இருப்பவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியும். கரி படிந்த கையோடு மாலையில் புத்தகம் தூக்கும் பிள்ளைகள் யார் யார் என்றும் தெரியும். விழா முடியுமுன் அவர்களிடம் சென்று ஒரு வார்த்தை அன்பாகப் பேசுவோமாக.