விண்டோவுக்கு விண்டோ டேட்டா: தறி மேல இருக்கிற பதில்

ஜியுஐ லேப்ல பலரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. முதல் விண்டோவுல டைப் பண்ண பேரை ரெண்டாவது விண்டோவுக்கு எப்படி அனுப்புறது? இதுக்கு நல்ல பதில் நம்ம காஞ்சிபுரம் பட்டுத் தறியிலேயே இருக்கு. தறிக்கு மேல உள்ள பெட்டியையும், அதுல வரிசையா தொங்குற ஓட்டை போட்ட அட்டைகளையும் பார்த்திருப்பீங்க. அந்தப் பெட்டிக்குப் பேரு ஜக்கார்டு. அது ஒரு மனுஷரோட பேரு.

ஜோசப் மரி ஜக்கார்டு 1752-ல் பிரான்ஸின் பட்டு நகரமான லியோனில் பிறந்தார். அப்பா நெசவாளர். அந்தக் காலத்துல பூ வேலைப்பாடு நெய்யணும்னா, ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பாவு நூலைத் தூக்கணுமோ அதோட கயிற்றை ஒரு உதவியாள் இழுக்கணும். டிசைன் முழுக்க அந்தத் தறியோட கட்டியே கிடந்தது. இதை மாத்த ஜக்கார்டுக்கு முன்னாடியே பலர் முயற்சி பண்ணினாங்க. 1725-ல் பூஷோன் ஓட்டை போட்ட காகிதத்தைப் பயன்படுத்தினார். அப்புறம் ஃபால்கோன் அட்டைகளைக் கொண்டு வந்தார். வோக்கான்சோன் தானியங்கித் தறி செஞ்சார். பாரிஸில் வோக்கான்சோனின் தறியை ஆராய்ந்த ஜக்கார்டு, இவங்க யோசனைகளை ஒண்ணா சேர்த்து 1804-ல் தன் கருவியை உருவாக்கினார்.

வேலை செய்யும் விதம் சிம்பிள். ஒரு வரிக்கு ஒரு அட்டை. ஓட்டை இருந்தா ஊசி உள்ளே போகும், கொக்கி நூலைத் தூக்கும். ஓட்டை இல்லேன்னா ஊசி தள்ளப்படும், நூல் கீழேயே நிக்கும்.

1805-ல் நெப்போலியன் அரசு இந்தத் தறியைப் பொதுச் சொத்தாக்கி, ஜக்கார்டுக்கு ஓய்வூதியம் கொடுத்தது. ஆனா கயிறு இழுத்துப் பிழைச்சவங்களுக்கு வேலை போச்சு. சொந்த ஊர் நெசவாளர்களே அவரைக் கடுமையா எதிர்த்தாங்க. அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. 1834-ல் அவர் இறந்தார். அதே லியோன் 1840-ல் அவருக்குச் சிலை வச்சது. இங்கிலாந்தில் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத் திட்டத்துக்கு அதே அட்டை முறையை எடுத்துக்கிட்டார்.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். டிசைன் போடுறவருக்குத் தறியோட உள்பாகம் தெரிய வேண்டாம். தறிக்கும் அவரைத் தெரிய வேண்டாம். நடுவுல அட்டை போதும். அதே அமைப்புள்ள வேற தறியில மாட்டினாலும் அதே பூதான் விழும்.

நாம என்ன பண்றோம்? ரெண்டாவது விண்டோவிலிருந்து முதல் விண்டோவோட டெக்ஸ்ட்பாக்ஸையே நேரா தொடுறோம். அதோட பேரை மாத்தினா ரெண்டாவதும் உடையும். அதுக்குப் பதிலா, தேவையான மதிப்புகளை மட்டும் ஒரு சின்ன ஆப்ஜெக்ட்ல போட்டு கன்ஸ்ட்ரக்டர் வழியா கொடுங்க. பதில் திரும்ப வரணும்னா ஒரு ஈவென்ட் வைங்க. அந்த ஆப்ஜெக்ட்தான் உங்க அட்டை.