பெப்பரின் பேயும் உங்க ஹெட்செட்டும்!

பெரம்பலூர் பக்கம் சாத்தனூர்ல படுத்துக் கிடக்குற கல்மரத்தைப் பார்த்திருக்கீங்களா? சுமார் 18 மீட்டர் நீளம். இந்தப் பகுதி கடலா இருந்த காலத்துல மண்ணுக்குள்ள புதைஞ்சு, கல்லாவே மாறிப்போன மரம். இப்போ ஒரு சின்ன கற்பனை. உங்க தலையில மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட். கல்லாகக் கிடந்த மரம் இலையும் கிளையுமா எழுந்து நிக்குது. ஆசையா கையை நீட்டுறீங்க. கை முன்னாடி, மரம் பின்னாடி... அப்படித்தானே தெரியணும்? ஆனா, மரம் உங்க விரல் மேலேயே படர்ந்து தெரிஞ்சா? அவ்ளோதான், மொத்த மாயமும் காலி.

நிஜக் கையையும் பொய்க் காட்சியையும் ஒட்டவைக்க இன்னைக்கு என்ஜினீயர்கள் மல்லுக்கட்டுறாங்க. இதே மல்லுக்கட்டை 160 வருஷத்துக்கு முன்னாடியே லண்டன் மேடையில் நடத்தியவர் ஒருத்தர் இருக்கார். பேரு, ஜான் ஹென்றி பெப்பர்.

1821-ல் லண்டனில் பிறந்த பெப்பர், படிப்பால் வேதியியல்காரர். 1840-களின் இறுதியில் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, குடும்பத்தோடு போய் அறிவியலை வேடிக்கை பார்க்கும் இடம் அது. மனுஷனுக்குப் பேச்சும் வரும், ஷோ காட்டவும் வரும். சீக்கிரமே நிறுவனத்தின் இயக்குநர் ஆகிட்டார்.

இங்கே இன்னொருத்தரைச் சொல்லியே ஆகணும். ஹென்றி டர்க்ஸ், ஒரு பொறியாளர். மேடையில் பேயை வரவைக்கும் யோசனையை 1858-ல் முன்வைத்தவர் இவர்தான். ஆனா, அதைச் செய்ய அரங்கத்தையே இடிச்சுக் கட்டணும். எந்த முதலாளி சம்மதிப்பார்? யாரும் சீண்டலை. பெப்பர்தான் அதை எடுத்து, இருக்கும் அரங்கத்திலேயே நடக்கும்படி மாற்றினார்.

விஷயம் ரொம்ப சிம்பிள். ராத்திரி பெரம்பலூர்ல இருந்து அரியலூர் போற பஸ்ல ஜன்னல் கண்ணாடியைக் கவனிச்சிருக்கீங்களா? உள்ளே லைட் எரியும், வெளியே இருட்டு. உங்க முகம் வெளியே வயல் மேல மிதக்கும். அதேதான்! மேடைக்கு முன்னால் பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினார் பெப்பர். மேடைக்குக் கீழே, பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில் பேய் வேஷம் போட்ட நடிகர். அவர் மேல் பளீர் வெளிச்சம் விழுந்ததும், அவரது பிம்பம் கண்ணாடியில் பட்டு, மேடையில் நிற்கும் நிஜ நடிகர் பக்கத்தில் நிற்பதுபோலத் தெரியும். விளக்கைக் குறைத்தால், பேய் கரைந்துபோகும்.

1862 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. சார்லஸ் டிக்கன்ஸின் பேய்க்கதை ஒன்றிலிருந்து எடுத்த காட்சியோடு ஷோ ஆரம்பித்தது. லண்டனே அரண்டுபோச்சு, கூட்டம் அள்ளுச்சு. மின்காந்த ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடேக்கே தந்திரம் பிடிபடலையாம். பெப்பர் அவர் கையைப் பிடித்து, கண்ணாடி மேல் வைத்துக் காட்டியதாகத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கண்ணுக்குச் சிக்காத கண்ணாடி, கைக்குத்தான் சிக்கியிருக்கு!

ஆனா, இதுல ஒரு பெரிய வில்லங்கம். மேடையில் இருப்பவருக்குப் பேய் தெரியவே தெரியாது. தரையில் போட்ட அடையாளத்தை வைத்து, வெறும் காற்றைப் பார்த்து அலறணும். அடுத்தது, பிம்பம் என்பது வெறும் வெளிச்சம். வெளிச்சத்தால் எதையும் மறைக்க முடியாது. பேய்க்கு முன்னால் கையை நீட்டினாலும் கை பேயை மறைக்காது, பேயும் கையை மறைக்காது. பெப்பரின் புத்திசாலித்தனமே இங்கேதான். பேய்ன்னா ஊடுருவித்தானே தெரியும்! வாளால் குத்தினால், வாள் பேயின் உடம்புக்குள் புகுந்து வெளியே வரும். குறையையே கதையாக்கிட்டார். ஒரு நாற்காலியையோ பானையையோ இப்படிக் காட்டியிருந்தால் ஜனம் சிரிச்சிருக்கும்.

2016-ல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ்கூட இந்த வம்சம்தான். கண்ணுக்கு முன்னால் கண்ணாடி, அதன் மேல் வெளிச்சம். அதனால்தான் அதில் கறுப்பு நிறத்தைக் காட்ட முடியாது. ஆப்பிள் விஷன் ப்ரோ, மெட்டா குவெஸ்ட் 3 இரண்டும் வேற ரூட்டு. கேமரா வெளியுலகத்தைப் படம்பிடிச்சு உங்க கண்ணுக்கு முன்னால திரையில போடும். உங்க கை எவ்வளவு தூரம், மரம் எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டு, எது கிட்ட இருக்கோ அதை முன்னாடி வரையும். கணக்கு லேசா பிசகினா விரல் ஓரம் மினுமினுன்னு பிசிறடிக்கும். பெப்பர் பேயை வெச்சுத் தப்பிச்சார். இவங்களுக்கு அந்த வழி இல்லை.

சரி, டர்க்ஸ் என்ன ஆனார்? 1863-ல் இருவர் பெயரிலும் காப்புரிமை பதிவானது. பண உரிமையை டர்க்ஸ் விட்டுக்கொடுத்துவிட்டார். பெயராவது கிடைக்கும்னு நம்பினார். ஊரோ அதைப் பெப்பரின் பேய் என்றே கூப்பிட்டது. பெப்பர் அவருக்கான பங்கை ஒப்புக்கொண்டாலும், போஸ்டரும் கூட்டமும் கேட்கணுமே! ஆதங்கத்தில் தனியாக ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார் டர்க்ஸ். 1873-ல் இறந்துபோனார். என்னைக் கேட்டால், இதில் பெப்பரை முழு வில்லனாக்க முடியாது. ஆனா, முழுசா நல்லவர்னும் சொல்ல மனசு வரலை.

பெப்பரின் பிற்காலமும் அப்படியொன்றும் ஜொலிக்கலை. 1872-ல் பாலிடெக்னிக்கை விட்டு வெளியேறி, அமெரிக்கா போய், 1879-ல் ஆஸ்திரேலியா போனார். 1882-ல் பிரிஸ்பேன் குதிரைப் பந்தய மைதானத்தில் மழை வரவைக்கிறேன் என்று இறங்கினார். நெருப்பு மூட்டி, ராக்கெட், துப்பாக்கி எல்லாம் வெடித்தும் மழை வரலை. கூட்டம் கேலி பண்ணியது. அப்புறம் அந்த ஊரிலேயே வேதியியல் பரிசோதனை வேலை பார்த்து, 1889-ல் இங்கிலாந்து திரும்பினார். அடுத்த வருஷம் தன் பேயின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார். 1900 மார்ச்சில் காலமானார்.

அவர் தந்திரம் மட்டும் ஓயலை. 2014 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் மோடி தோன்றினாரே... எல்லோரும் ஹாலோகிராம் என்று சொன்ன அது, கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சாய்த்துக் கட்டிய பெப்பரின் பேய்தான்.